நான்காவது போல்ட் ஏன் இறங்குவதில்லை? உலோகத் தகட்டில் துளைகளைக் குறிக்கும் கணக்கு

நான்கு போல்ட் போட வேண்டிய தகட்டில் மூன்று சமர்த்தாக இறங்கிவிடும். நான்காவது மட்டும் ஓட்டையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். உடனே வட்ட அரத்தை எடுத்து அந்த ஓட்டையை முட்டை வடிவத்துக்கு இழுத்து, மேலே பெரிய வாஷர் ஒன்றைப் போட்டு மறைத்துவிடுவோம். நானும் செய்திருக்கிறேன். வாஷருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

பழியை ட்ரில் மேல் போடுவது எளிது. ஆனால் பெரும்பாலும் தப்பு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். துளையின் இடம் முதலில் காகிதத்தில் ஓர் எண். அந்த எண் அளவுகோலில் ஒரு கோடாகிறது, அங்கிருந்து தகட்டில் கீறலாகிறது, கீறல் பஞ்ச் (சுத்தியலால் தட்டிக் குழி பதிக்கும் கூர்முனைக் கருவி) பதித்த குழியாகிறது, குழி துளையாகிறது. எண்ணெயைப் பாத்திரம் மாற்றி ஊற்றும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிந்துமே, அதுபோல இங்கேயும் ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் அளவு சிந்துகிறது. எந்த இடத்தில் எவ்வளவு சிந்துகிறது என்று தெரிந்துகொண்டால் சாதாரணக் கருவிகளை வைத்தே நல்ல வேலை செய்யலாம்.

எவ்வளவு பிசகு தாங்கும்?

'நூலளவும் பிசகாமல்' என்று பெருமையாகச் சொல்கிறோம். தச்சர் கணக்கில் ஒரு நூல் என்றால் 1/8 அங்குலம், அதாவது 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். மர வேலையில் அது சின்ன அளவு. 6 மி.மீ. விட்டமுள்ள எம்6 போல்ட்டிடம் அந்தக் கணக்கு செல்லாது.

எம்6 போல்ட் தடையில்லாமல் நுழைய வழக்கமாகப் போடும் துளை 6.6 மி.மீ. எம்5 என்றால் 5.5, எம்8 என்றால் 9. இவை ஐ.எஸ்.ஓ. 273 தரநிலையில் நடுத்தரப் பொருத்தத்துக்குச் சொல்லியிருக்கும் அளவுகள். இரண்டு தகடுகளிலும் 6.6 மி.மீ. துளை போட்டு, போல்ட்டை நட்டு வைத்து முடுக்கினால், ஒன்றின் மையம் மற்றொன்றிலிருந்து 0.6 மி.மீ. வரை விலகியிருந்தாலும் போல்ட் போய்விடும். ஒரு தகட்டில் டேப் போட்டு மரை எடுத்திருந்தால் கதை வேறு. போல்ட்டின் இடம் அங்கேயே உறுதியாகிவிடுவதால் தாங்கும் பிசகு பாதியாகி 0.3 மி.மீ. ஆகிறது. தலை கூம்பு வடிவில் இருக்கும் கவுன்டர்சங்க் ஸ்க்ரூ இன்னும் பிடிவாதமானது. கூம்பு தன் குழியின் நடுவில்தான் உட்காரும் என்பதால், துளையை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் இடவசதி கிடைக்காது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் சில வேலைகளில் இதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

உலோகத்தில் கோடு கீறும் ஊசியான ஸ்க்ரைபர், பஞ்ச், ட்ரில் பிரஸ் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு பொறுமையாகச் செய்தால் என் கைக்கு 0.2 மி.மீ. வரை வருகிறது. பென்சிலும் அளவு டேப்பும் கைட்ரில்லும் என்றால் 1 மி.மீ. பிசகுவது சாதாரணம். கையில் இருக்கும் துல்லியம், போல்ட் தாங்கும் பிசகு இரண்டையும் முதலில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் எங்கே மெனக்கெட வேண்டும், எங்கே வேண்டாம் என்பது தெரிந்துவிடும்.

எங்கிருந்து அளப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

20 மி.மீ. இடைவெளியில் வரிசையாகப் பத்துத் துளைகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் துளையைக் குறித்து, அங்கிருந்து 20 அளந்து இரண்டாவது, அதிலிருந்து 20 அளந்து மூன்றாவது என்று போவதுதான் கைக்கு இயல்பாக வருவது. ஒவ்வொரு முறையும் 0.2 மி.மீ. கூடினால், ஒன்பது இடைவெளிகள் தாண்டிப் பத்தாவது துளை 1.8 மி.மீ. தள்ளி நிற்கும். பிசகு ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும், கடைசியில் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. ஸ்க்ரைபரை ஒருவர் சாய்த்துப் பிடிக்கும் விதமும், அளவுகோலைப் பார்க்கும் கோணமும் மாறாதவை. அதனால் பிசகும் ஒரே பக்கமாகவே சேர்ந்துகொண்டு போகும்.

அதே பத்துத் துளைகளையும் தகட்டின் ஒரே விளிம்பிலிருந்து 20, 40, 60 என்று 200 வரை அளந்தால் ஒவ்வொரு துளையும் தன் பிசகை மட்டும் சுமக்கும். அண்டை வீட்டுக் கடன் அதன் தலையில் விழாது. இப்படி எல்லா அளவுக்கும் தொடக்கமாக வைத்துக்கொள்ளும் விளிம்பைப் பட்டறையில் டேட்டம் என்பார்கள். கிடைமட்ட அளவுக்கு ஒரு டேட்டம், செங்குத்து அளவுக்கு ஒன்று. உலோகத்தைத் தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு துளைக்கும் 'இந்த விளிம்பிலிருந்து இவ்வளவு, அந்த விளிம்பிலிருந்து இவ்வளவு' என்று பட்டியல் எழுதிவிட வேண்டும். கூட்டல் கழித்தலைத் தகட்டின் மேல் குனிந்துகொண்டு மனதில் போடும்போதுதான் பாதித் தவறு நடக்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இரண்டு பல்சக்கரங்களின் அச்சுகளைப்போல, இரண்டு துளைகளுக்கு இடையே உள்ள தூரம்தான் முக்கியம் என்றால் அதை நேரடியாக அளந்தே குறிக்க வேண்டும். அங்கே விளிம்பிலிருந்து உள்ள தூரம் கொஞ்சம் மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை.

டேட்டம் விளிம்பு நேராக இருக்க வேண்டும். வெட்டி வாங்கிய தகட்டின் ஓரத்தை அப்படியே நம்பக் கூடாது. அரத்தால் ஒரு விளிம்பை ராவி, மூலைமட்டத்தின் அலகை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியாத அளவுக்கு அது வந்ததும், அதற்குச் செங்கோணமாக இரண்டாவது விளிம்பு. இந்த இரண்டு போதும். மற்ற இரண்டும் கோணலாக இருந்தாலும் மார்க்கிங்குக்குப் பாதிப்பில்லை. எவை டேட்டம் என்று அந்த விளிம்புகளில் மார்க்கரால் அம்புக்குறி போட்டுவிடுங்கள். கூடவே தகட்டின் முகத்தில் 'முன்பக்கம்' என்றும் எழுதுங்கள். தகட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு எல்லாத் துளைகளையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாற்றித் துளைப்பது மிகத் துல்லியமாகச் செய்யக்கூடிய ஒரு தவறு.

மூலைமட்டமே சரியா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. நேரான விளிம்பில் அதை வைத்து ஒரு கோடு கீறுங்கள். பிறகு மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால் சரி. மேலே போகப் போக விரிந்தால், விரிந்ததில் பாதிதான் மட்டத்தின் கோணல்.

அளவுகோலின் முனை தேய்ந்திருந்தால் 10 மி.மீ. கோட்டிலிருந்து அளக்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், அந்த 10-ஐக் கழிக்க மறக்காதவரை. ஒருமுறை நான் மறந்தேன். எட்டுத் துளைகளும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தியிருந்தன, எல்லாமே 10 மி.மீ. தள்ளி.

கீறுவது

உலோகத்தின் மேல் கோடு தெரிய நீல மார்க்கிங் திரவம் பூசுவது மரபு. வீட்டு வேலைக்குப் பெர்மனென்ட் மார்க்கரை மெல்லிசாகத் தேய்த்தாலே போதும். தடித்துப் பூசினால் உதிரும், கோடும் பிசிறடிக்கும்.

பென்சில் கோட்டின் அகலம் அரை மி.மீ. வரை போகும். கூரான ஸ்க்ரைபரின் கீறல் ஏறக்குறைய 0.1 மி.மீ. தான். அதோடு, கீறலுக்கு ஆழம் உண்டு. பின்னால் பஞ்ச் முனை வந்து உட்கார அந்தப் பள்ளம்தான் இடம் கொடுக்கிறது. ஸ்க்ரைபரைச் சற்றுச் சாய்த்து, அதன் முனை அளவுகோலின் அடி விளிம்பை ஒட்டி ஓடும்படி பிடித்து, ஒரே இழுப்பில் கீற வேண்டும். சரியாகத் தெரியவில்லையே என்று மேலே இன்னொரு முறை கீறினால் இரண்டு கோடுகள் வந்து நிற்கும். எது உண்மையானது என்று பிறகு சொல்ல முடியாது.

துளை போகாத இடங்களில், குறிப்பாக அலுமினியத் தகட்டில் வளைக்கப் போகும் மடிப்புக் கோட்டில், ஸ்க்ரைபர் வேண்டாம். கீறல் விழுந்த இடத்திலிருந்தே விரிசல் தொடங்கும். அங்கே பென்சில்தான்.

விளிம்புக்கு இணையாகக் கோடு போட ஜென்னி காலிப்பர் வசதியானது. ஒரு கால் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போக, கூரான மறுகால் கீறும். வெர்னியர் காலிப்பரின் தாடையையே ஸ்க்ரைபராகப் பயன்படுத்துவதைப் பார்த்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். முனை தேயும், உண்மைதான். ஆனால் அளவை ஒருமுறை வைத்துப் பூட்டிவிட்டு நேராகக் கீறும்போது, அளவுகோலைப் பார்த்துக் குறிக்கும் ஒரு கைமாற்றம் குறைகிறது. பழைய காலிப்பர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது என் சமாதானம். சமதளத்தில் நின்று, வைத்த உயரத்தில் கோடு கீறும் ஹைட் கேஜ் இருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. அதற்கு அடியில் வைக்கக் கிரானைட் மேடை இல்லாவிட்டால், தடித்த ஜன்னல் கண்ணாடி ஒன்று சமதளமாக வேலை செய்யும்.

பஞ்ச்: கண்ணை விடக் கை நம்பகமானது

இரண்டு கீறல்கள் வெட்டும் இடத்தில் பஞ்ச் வைக்க வேண்டும். எல்லோரும் அவசரப்படும் இடம் இது. கோடு சரி, அளவு சரி, ஆனால் பஞ்ச் அரை மி.மீ. தள்ளி விழுந்திருக்கும்.

முதலில் டாட் பஞ்ச். அதன் முனை சுமார் 60 டிகிரி, ஒல்லியானது. அதைச் சாய்த்துப் பிடித்து ஒரு கீறலின் பள்ளத்தில் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டு வாருங்கள். மற்றக் கீறல் குறுக்கிடும் இடத்தில் முனை 'டிக்' என்று சிக்குவதைக் கையில் உணரலாம். அங்கேயே அசையாமல் நிமிர்த்தி, சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. பிறகு லென்ஸ் வைத்துப் பாருங்கள். தள்ளியிருந்தால் பஞ்சின் முனை சரியான இடத்தைப் பார்க்கும்படி சாய்த்து இன்னொரு தட்டுத் தட்டினால் குழி அந்தப் பக்கம் நகரும். நகர்த்த முடிகிற கடைசிக் கட்டம் ஏறக்குறைய இதுதான். திருப்தியான பிறகே 90 டிகிரி முனை கொண்ட சென்டர் பஞ்சால் குழியைப் பெரிதாக்க வேண்டும்.

ஏன் பெரிதாக்குவது? ட்ரில் பிட்டின் நுனியை உற்றுப் பார்த்தால் அது புள்ளியாக இருக்காது. குறுக்கே ஒரு சின்ன விளிம்பு இருக்கும். 6 மி.மீ. பிட்டில் அது ஏறக்குறைய 1 மி.மீ. நீளம். இந்த விளிம்பு உலோகத்தை வெட்டுவதில்லை, தேய்த்துத் தள்ளுகிறது. சமதளத்தில் வைத்தால் பிடிமானம் இல்லாமல் வழுக்கி, தனக்குப் பிடித்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். குழி அந்த விளிம்பைவிடப் பெரிதாக இருந்தால்தான் அது உள்ளே அடங்கும். பெரிய துளைக்கு முன் சின்னத் துளை போடுவதற்கும் காரணம் இதே. சின்னத் துளையின் விட்டம் பெரிய பிட்டின் நுனி விளிம்பின் நீளத்தை விடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் போதும். ஒல்லியான நீண்ட பிட் வளையும் என்பதால், துளையைத் தொடங்க மட்டும் குட்டையான சென்டர் ட்ரில் அல்லது ஸ்பாட் ட்ரில்லைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது.

துளைக்கத் தொடங்குமுன், டிவைடரால் ஒவ்வொரு குழியையும் சுற்றி, வரப்போகும் துளையின் அளவில் ஒரு வட்டம் போட்டுவையுங்கள். அது சாட்சி வட்டம். பிட் கொஞ்சம் இறங்கியதும் நிறுத்திப் பார்த்தால், வெட்டிய குழி வட்டத்தின் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்பது தெரியும். ஒதுங்கியிருந்தால், எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கச் சரிவில் கூரான உளியால் ஒரு சின்னக் கால்வாய் வெட்டிவிட்டு மறுபடி துளைத்தால், பிட் அந்தப் பக்கம் இழுபடும். பிட்டின் முழு விட்டமும் உள்ளே போவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். அதன்பின் எதுவும் நகராது.

தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு துளைக்கக் கூடாது. மெல்லிய தகடு, பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் சிக்கிச் சுழலும்; கிளாம்ப் போட்டு, அடியில் மரக்கட்டை வையுங்கள். கண்ணைக் காக்கக் கண்ணாடி அணிய வேண்டும். கையுறை கூடாது, சுழலும் பிட் அதைப் பிடித்து இழுத்துவிடும்.

வட்டத்தில் வரும் துளைகள்

மோட்டார் முகப்பு, ஃபிளாஞ்ச் போன்றவற்றில் துளைகள் ஒரு வட்டத்தின் மேல் சம இடைவெளியில் இருக்கும். அந்த வட்டத்தின் விட்டத்தைப் பி.சி.டி. என்பார்கள். ஆறு துளைகள் என்றால் கணக்கே வேண்டாம். வட்டம் வரைந்த டிவைடரின் விரிப்பை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே அடியெடுத்து வைத்தால் ஆறாவது அடியில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும்.

மற்ற எண்ணிக்கைகளுக்கு, 180-ஐத் துளைகளின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் கோணத்தின் சைன் மதிப்பை விட்டத்தால் பெருக்கினால் அடுத்தடுத்த இரண்டு துளைகளுக்கு இடையே உள்ள நேர்த்தூரம் கிடைக்கும். அடிக்கடி தேவைப்படுபவை: மூன்று துளைக்கு விட்டத்தின் 0.8660 மடங்கு, நான்குக்கு 0.7071, ஐந்துக்கு 0.5878, எட்டுக்கு 0.3827. பி.சி.டி. 60 மி.மீ., துளைகள் ஐந்து என்றால் 60 × 0.5878 = 35.27 மி.மீ.

ஆனால் டிவைடரை இந்த அளவுக்கு வைத்து ஐந்து அடி நடப்பது, முன்பு பார்த்த அதே சங்கிலிக் கணக்குதான். விரிப்பில் 0.1 மி.மீ. பிசகு இருந்தால் சுற்றி வந்து சேரும்போது சுமார் 0.6 மி.மீ. இடறும். முழுச் சுற்றும் லேசாகக் கீறிப் பார்த்து, இடறலை ஐந்தால் வகுத்து விரிப்பைத் திருத்தி, மறுபடி நடக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் அடங்கிவிடும்.

எனக்குப் பிடித்தது வட்டத்தையே மறந்துவிட்டு, ஒவ்வொரு துளையையும் இரண்டு டேட்டம் விளிம்புகளிலிருந்து குறிப்பது. 100 மி.மீ. சதுரத் தகட்டின் நடுவில் அதே ஐந்து துளைகள் என்று வையுங்கள். ஒரு துளை நேர் மேலே வருகிறது. இடது விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் அளவுகள்: முதல் துளை 50, 80, அடுத்தது 78.53, 59.27, மூன்றாவது 67.63, 25.73, நான்காவது 32.37, 25.73, கடைசியாக 21.47, 59.27. கால்குலேட்டரில் சைன், கோசைன் பொத்தான் இருந்தால் எந்த வட்டத்துக்கும் இப்படிப் பட்டியல் போட்டுவிடலாம். ஹைட் கேஜை ஒவ்வோர் அளவுக்கும் ஒருமுறை வைத்து, அந்த உயரத்தில் வரும் எல்லாக் கோடுகளையும் கீறிவிட்டு, தகட்டை 90 டிகிரி திருப்பி மற்றக் கோடுகள். கடைசியில் டிவைடரை 35.27-க்கு வைத்து ஐந்து இடைவெளிகளையும் தொட்டுப் பார்த்தால் சரிபார்ப்பும் முடிந்தது. இரண்டு திசையிலும் திருகால் நகரும் கிராஸ் ஸ்லைடு மேசை இருப்பவர்கள் இதே எண்களைக் கைப்பிடியில் சுற்றி நகர்த்தலாம். திருகுக்கும் நட்டுக்கும் இடையே கொஞ்சம் ஆட்டம் இருக்கும் என்பதால், எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்க வேண்டும். தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னால் போய், மறுபடி வர வேண்டும்.

அளக்காமலே குறிப்பது

பொருந்த வேண்டிய மற்றப் பாகம் கையில் இருக்கும்போது எதற்கு அளக்க வேண்டும்? இரண்டையும் சேர்த்து கிளாம்ப் போட்டு, இருக்கும் துளை வழியாகவே ஒரு துளையைப் போடுங்கள். அதில் ஒரு போல்ட்டை இறக்கி முடுக்கிவிட்டு, எதிர் மூலையில் அடுத்தது. அதிலும் போல்ட் இறங்கிய பிறகு மீதி எல்லாம். எண் என்ற கட்டமே இல்லாததால் சிந்தலும் இல்லை. விலை என்னவென்றால் அந்த இரண்டு பாகங்களும் இனி ஒன்றுக்கொன்று மட்டும்தான் பொருந்தும், அதுவும் அந்தத் திசையில் மட்டும். பிரிப்பதற்கு முன் இரண்டு விளிம்புகளையும் தாண்டிப் போகும்படி ஓர் அடையாளக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மற்றப் பாகத்தில் இருப்பது மறுபக்கம் திறக்காத மரைத் துளை என்றால் அதன் வழியாகத் துளைக்க முடியாது. அதற்குத் தலையில்லாத, முனை கூரான கிரப் ஸ்க்ரூக்களைத் தேடிப் பிடித்து, கூர்முனை வெளியே தெரியும்படி மரையில் ஏற்றுங்கள். முனைகள் எல்லாம் ஒரே அளவு, அரை மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கட்டும். மேலே தகட்டைச் சரியாக வைத்து, ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினால் எல்லா மையங்களும் ஒரே அடியில் பதிந்துவிடும்.

கணினியில் வரைந்து அச்சிட்டு ஒட்டும் காகித வார்ப்புருவும் உண்டு. போல்ட் தடையில்லாமல் நுழையும் தளர்வுத் துளைகளுக்கு நன்றாகவே வரும். ஆனால் அச்சுப்பொறி நீளவாக்கில் ஒரு மாதிரியும் அகலவாக்கில் வேறு மாதிரியும் இழுக்கக்கூடும். அதனால் இரண்டு திசையிலும் 100 மி.மீ. கோடு ஒன்று சேர்த்து அச்சிட்டு, ஒட்டுமுன் அளந்துவிட வேண்டும்.

துளைத்த பிறகு

பிசிறை நீக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் காலிப்பர் பிசிறைத்தான் அளக்கும். இரண்டு துளைகளும் ஒரே விட்டம் என்றால், ஒன்றின் இடது விளிம்பிலிருந்து மற்றொன்றின் இடது விளிம்புவரை உள்ள தூரமே மையத் தூரம். இன்னும் நம்பகமாக வேண்டுமென்றால் துளைகளில் இறுக்கமாக நிற்கும் ட்ரில் தண்டுகளைச் செருகி, அவற்றின் வெளிப்பக்கமாக அளந்து, ஒரு தண்டின் விட்டத்தைக் கழியுங்கள். செவ்வக அமைப்பில் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிட வேண்டும். 80-க்கு 60 அமைப்பில் இரண்டும் 100 மி.மீ. வர வேண்டும். பக்கங்கள் எல்லாம் சரியாக இருந்தும் மூலைவிட்டங்கள் வேறுபட்டால், டேட்டம் விளிம்புகள் செங்கோணத்தில் இல்லை என்று பொருள்.

ஒரு துளை தப்பாகவே போய்விட்டால், பக்கத்திலேயே இன்னொன்று போட முயலாதீர்கள். இரண்டு துளைகளும் ஒன்றில் ஒன்று மேவும்போது பிட் பழைய ஓட்டைக்குள் சறுக்கும். தப்பான துளையில் மரை எடுத்து, அதே உலோகத்தில் செய்த ஸ்க்ரூவை மரைப் பசை தடவி ஏற்றி, அறுத்து, இரு முகத்திலும் சமமாக ராவி, முதலிலிருந்து குறித்துத் துளைக்கலாம். அலுமினியத் தகட்டில் எஃகு ஸ்க்ரூவை ஏற்றி அடைத்தால் பிட் எஃகை விட்டு விலகி, மென்மையான அலுமினியம் பக்கமே ஓடும்.